விடுதி தந்த தமக்கை

சென்ற திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் தெருவில் குடியிருக்கும் அன்பர் ஒருவர் என் வீட்டிற்கு வந்தார். கிருட்டிணகிரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பொம்மசந்திராத் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்து, 18 ஆண்டுகளாகச் சந்தாபுராவிலேயே வாழ்ந்து வருபவர். அவருடைய மூத்த மகள் இவ்வாண்டு இரண்டாம் பி.யு.சி. தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறியிருக்கிறாள். சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியில் அவளுக்கு இடமும் கிடைத்திருக்கிறது. ஆனால் விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும்.

"தம்பி, நீங்கள் உங்கள் தங்கையை அப்படி அனுப்பிப் படிக்க வைத்தவர். நல்லது கெட்டது உங்களுக்குத் தெரியும். ஊரில் உறவினர் எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள், அனுப்பலாமா?" என்று அவர் கேட்டார்.

என்னால் உடனே விடை கூற முடியவில்லை. தங்கையை அனுப்பி வைத்தவன் நான் என்பது உண்மையில் பாதிதான். நாற்பது நாள் கழித்து அவளைத் திரும்ப அழைத்து வந்துவிடச் சென்றவனும் நானே. அந்த மறுபாதியை இதுவரை வெளியே சொன்னதில்லை. நம்மைப் போல் பிழைக்க வந்த இடத்தில் பெண்மக்களை வளர்க்கும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்று எண்ணி, இன்று அதை எழுதுகிறேன்.

நான் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். என் தந்தையார் இரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேனாக இருந்தார். 2006ஆம் ஆண்டு, பணியில் இருக்கும்போதே நோயுற்றுக் காலமானார். கருணை அடிப்படையில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. அப்போது எனக்கு வயது பத்தொன்பது. என் தங்கைக்குப் பத்து. தருமபுரியை விட்டு வந்து, ஹீலலிகே நிலையம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே சந்தாபுராவில் வீடு பார்த்தோம். நான் இழந்த படிப்பைத் தங்கை பெற வேண்டும் என்று அம்மா நாள்தோறும் சொல்வார். அதுவும் தமிழ்நாட்டில் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. 2014ஆம் ஆண்டு, சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியில் வரலாற்றுப் பிரிவில் அவளைச் சேர்த்தேன்.

விடுதியில் முதல் நாள் இரவே அவளுக்குத் துன்பம் தொடங்கிவிட்டது. இங்கே கன்னடப் பள்ளியில் படித்தவள். வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும், நம் வீடுகளில் அதில் எத்தனை கன்னடச் சொற்கள் கலந்திருக்கின்றன என்பது நமக்கே தெரிவதில்லை. உணவறையில் சோறு பரிமாறிய அம்மையாரிடம், போதும் என்று சொல்ல நினைத்து, "சாக்கு, சாக்கு" என்று கையால் தடுத்திருக்கிறாள். கன்னடத்தில் போதும் என்பதற்கு அதுதான் சொல். தமிழ்நாட்டு மாணவியருக்கோ அது கோணிப்பை. உணவறை முழுவதும் சிரித்தது. மறுநாள் முதல் அவளுக்குப் பெயரே 'சாக்கு' என்றாயிற்று. தமிழச்சி என்ற பெருமையோடு தமிழ்நாட்டிற்குப் போனவளை அங்குள்ளோர் கன்னடத்துப் பெண் என்றார்கள். இங்கேயோ அவளைத் தமிழர் வீட்டுப் பெண் என்பார்கள். "நான் எந்த ஊர்க்காரி, அண்ணா? என்னை வந்து அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்" என்று தொலைபேசியில் அழுதாள்.

ஒரு மாதம் வரை ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாகிவிட்டார். எனக்கு அப்போது மணமாகவில்லை. விடியற்காலையில் எழுந்து அம்மாவுக்கு வேண்டியவற்றைச் செய்து, சமைத்து வைத்து, வண்டியைப் பிடித்து அலுவலகம் செல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் களைத்துப் போனேன். அந்த வாரமும் தங்கை தொலைபேசியில் அழுதாள். "சரி, வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் கண்ணீரைத் துடைக்கத்தான் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அக்கம்பக்கத்தாரிடமும் சொன்னேன். என்னிடமே அவ்வாறு சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அத்தையிடம் அம்மாவை ஒப்படைத்துவிட்டு, இரவு வண்டியில் சென்னைக்குப் புறப்பட்டேன்.

விடுதியின் பார்வையாளர் அறையில் காத்திருந்தபோது தங்கை பெட்டியோடு வந்தாள். அவளுடன் மற்றொரு பெண்ணும் வந்தாள். மூன்றாம் ஆண்டு மாணவி, தூத்துக்குடிக்காரி. உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பம் என்று பின்னர் அறிந்தேன். அவ்விடுதியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடி மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, புதிதாக வந்த மாணவியரின் பெயர்களைச் சீட்டில் எழுதிப் பித்தளைக் குடத்தில் இடுவார்கள். மூத்த மாணவியர் ஒவ்வொருவரும் ஒரு சீட்டு எடுப்பார்கள். எந்தப் பெயர் வருகிறதோ, அந்தப் பெண்ணுக்கு அவள் அக்கா. சாதியோ ஊரோ படிப்போ பார்த்து மாற்றிக்கொள்ள முடியாது. தங்கையின் சீட்டை எடுத்தவள் இந்தத் தூத்துக்குடிப் பெண்.

"அண்ணா, இவளை இன்னும் பத்து நாள் எங்களோடு விட்டுவைக்கக் கூடாதா?" என்று அவள் கேட்டாள்.

"இவள் அழுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை, அம்மா" என்றேன்.

அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "தவறாக நினைக்காதீர்கள், அண்ணா. அம்மாவுக்கு உடல்நலம் இல்லை என்று இவள் சொன்னாள். இவள் அழுகிறாள் என்று அழைத்துப் போகிறீர்களா, வீட்டுக்கு ஆள் வேண்டும் என்று அழைத்துப் போகிறீர்களா? அழுகை என்றால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். முதல் ஆண்டில் நானும் அழுதேன். வீட்டுக்கு ஆள் வேண்டும் என்றால், அதை இவளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். தன் அழுகையால்தான் படிப்பு நின்றது என்று இவள் காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது" என்றாள்.

இருபது வயதுப் பெண். குரலை உயர்த்தவில்லை. பணிவு குறையவில்லை. நானோ தலை நிமிர்ந்து அவளைப் பார்க்க முடியாதவனாய் உட்கார்ந்திருந்தேன். தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு நா எழவில்லை. "ஆமாம் அம்மா, வீட்டில் முடியவில்லை" என்றேன்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் தங்கையின் அழுகை நின்றுவிட்டது. "இதை முன்பே சொல்லியிருக்கலாமே, அண்ணா" என்றாள். பிறகு, தானாகவே, "பத்து நாள் பார்க்கிறேன். அதற்குள் உங்களால் முடியாவிட்டால் நானே வருகிறேன்" என்றாள். பெட்டியை அக்கா ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் வெறுங்கையோடு திரும்பினேன்.

அந்தப் பத்து நாளில் நான் களி கிண்டக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் கட்டியும் முட்டியுமாக வந்தது. அம்மா படுத்தபடியே, "மாவைக் கொட்டியதும் கிண்டாதே; வேகவிட்டுக் கிண்டு" என்று சொல்லிக் கொடுத்தார். ஆண்பிள்ளை அடுப்படியில் நிற்பதா என்று கேட்ட உறவினர் சிலர், எங்கள் வீட்டில் களி உண்டுவிட்டு வாய் மூடிச் சென்றார்கள். பத்து நாள் மூன்று ஆண்டாயிற்று. தங்கை விடுதியில் வளர்ந்தாள் என்றால், நான் வீட்டு அடுப்படியில் வளர்ந்தேன்.

அவள் எவ்வாறு வளர்ந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். தூத்துக்குடி அக்கா அவளுக்காக யாரிடமும் சண்டையிடவில்லை. உணவறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் "சாக்கு" என்று சொல்லிக் கையால் தடுக்கத் தொடங்கினாள். ஒரு வாரத்தில் அந்த வரிசையில் எல்லாரும் அப்படியே சொன்னார்கள். நகைப்பாக வந்த சொல் விடுதியின் சொல்லாகிவிட்டது. தங்கை அவர்களுக்குக் கன்னடம் கற்றுக் கொடுத்தாள்; அவர்கள் அவளுக்கு வழுவின்றித் தமிழ் எழுதக் கற்றுக் கொடுத்தார்கள். 'எந்த ஊர்க்காரி' என்ற கேள்வி அவளை விட்டு அகன்றது.

அவ்விடுதியில் மற்றொரு வழக்கமும் உண்டு. படிப்பு முடித்துச் செல்லும் அக்கா தன் குளியல் வாளியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் போவாள். வாளியின் அடிப்புறத்தில் தன் ஊரையும் ஆண்டையும் வண்ணத்தால் எழுதிக் கொடுப்பாள். தன் பெயரை எழுத மாட்டாள். என் தங்கைக்கு வந்த இரும்பு வாளியில் கோவில்பட்டி 2011, அரூர் 2013, தூத்துக்குடி 2015 என்று எழுதியிருந்தது. 2017இல் அவள் அதன் கீழே 'சந்தாபுரா' என்று எழுதி, வேலூர்ப் பக்கத்துச் சிறுமி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். வாங்கிய கை கொடுக்கும் கையானதே கல்லூரி அவளுக்குத் தந்த பெரிய கல்வி என்று நான் கருதுகிறேன்.

அவளை அழைத்து வர அந்த ஆண்டு சென்றபோது, கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் என்னும் பழைய கட்டடத்தைக் காட்டினாள். இன்று அது விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைக்க முதலில் கட்டப்பட்டது. "நாங்கள் விடுதியில் பெற்ற உறவுக்கு இங்கேயும் ஒரு வேர் உண்டு, அண்ணா" என்று கூறி, சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரின் வரலாற்றைச் சொன்னாள்.

அவ்வம்மையார் 1886இல் மயிலாப்பூரில் பிறந்தவர். பதினொரு வயதில் மணம் முடித்து, சிறிது காலத்திலேயே கணவனை இழந்தவர். தலையை மழித்து மூலையில் உட்கார வைக்காமல் தந்தையார் அவரைப் படிக்க வைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1912இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். தம்மைப் போன்ற இளங்கைம்பெண்களுக்கு அவர் நடத்திய இல்லம் நான்கு பெண்களோடு எழும்பூரில் தொடங்கி, பின்னர் இந்த ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. அங்கே தங்கிப் படித்த பெண்கள் ஆசிரியைகளாக வெளியே சென்றனர். ஊரார் அவருக்கு இட்ட பெயர் 'சகோதரி' என்பது. அவர் 1969இல் மறைந்த பிறகும் அப்பெயரே நிலைத்திருக்கிறது.

இதே பொருள்படும் பெயரை மேலைநாட்டுக் கல்லூரிகளிலும் காண்கிறோம். அமெரிக்க மாணவியர் அமைத்துக்கொள்ளும் தோழமைச் சங்கங்களுக்குச் 'சொராரிட்டி' என்று பெயர். 'சொரார்' என்றால் இலத்தீன் மொழியில் உடன்பிறந்தாள். ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில் 1851இலேயே இத்தகைய சங்கம் ஒன்று தோன்றியது. கிரேக்க எழுத்துக்களால் பெயர், சேரும் நாளில் சடங்கு, மூத்தவள் இளையவளுக்குத் துணை என்று பல மரபுகள் அவற்றில் உண்டு. 1908இல் வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கருப்பின மாணவியர் தமக்கென்று 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா' என்னும் சங்கத்தை அமைத்தனர். 1913இல் அங்கேயே தோன்றிய 'டெல்டா சிக்மா தீட்டா' சங்கத்தார், அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெண்களின் வாக்குரிமைக்காக வாஷிங்டன் நகரில் நடந்த பெரும் ஊர்வலத்தில் கலந்துகொண்டனர். 2021 முதல் 2025 வரை அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த கமலா ஹாரிஸ், ஹோவர்டில் படித்தபோது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தவர். அவருடைய தாயார் சியாமளா கோபாலன் தமிழ்ப் பெண். 1958இல் தில்லியில் பட்டம் பெற்றுத் தனியே அமெரிக்கா சென்று படித்தவர். அந்நாளில் அவர் வீட்டாரும் நம்மைப் போல் பலமுறை எண்ணிப் பார்த்திருப்பார்கள் அல்லவா?

ஆயினும் இத்தகைய வட்டங்கள் எல்லாம் நல்லவை என்று நான் சொல்ல வரவில்லை. வட்டம் என்றால் உள்ளே சிலர், வெளியே சிலர். சகோதரியின் இல்லம் தொடக்கத்தில் பிராமணக் கைம்பெண்களுக்கே உரியதாய் இருந்தது. தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் புகலிடம் தேடியபோது, சாதி பார்த்துச் சேர்த்த அக்கால விடுதிகளில் அவர்களுக்கு இடமில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். 1930இல் ஔவை இல்லம் பிறந்தது அவ்வாறுதான். அமெரிக்காவிலும் வெள்ளையர் சங்கங்களின் கதவு தமக்குத் திறவாத காலத்தில்தான் கருப்பினப் பெண்கள் தமக்கென்று வீடு கட்டிக்கொண்டனர்.

மற்றொரு தீங்கும் உண்டு. மரபு என்ற பெயரால் புதிதாக வந்தவரை இழிவுபடுத்துவது அது. அமெரிக்காவிலும் இது உயிர்களைக் குடித்திருக்கிறது. நம் நாட்டிலும் குடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1996இல் நிகழ்ந்த ஒரு மாணவரின் கொலைக்குப் பின்னர், 1997இல் ராகிங்கைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. 2009 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் நாடெங்கும் உள்ள கல்லூரிகளைக் கட்டுப்படுத்துகின்றன. பெண்ணை அனுப்பும் பெற்றோர் இவற்றை அறிந்திருக்க வேண்டும். விடுதியை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். காப்பாளரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாமல், அங்கே இருக்கும் முதலாண்டுப் பெண்கள் இருவரிடமாவது பேச வேண்டும்.

நல்ல மரபையும் தீய மரபையும் பிரித்தறிய என் தந்தையார் சொன்ன ஒன்று எனக்கு உதவுகிறது. அவருடைய கேங்கில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதல் நாள் கனமான கடப்பாறையைக் கொடுக்க மாட்டார்களாம். மூத்தவர் ஒருவர் அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வண்டி வரும் ஓசையைக் கேட்க முதலில் கற்றுக் கொடுப்பாராம். "நானும் ஒரு நாள் புதியவனாக நின்றேன் என்ற நினைவு இருப்பவன்தான் மூத்தவன்" என்பார் அப்பா. தான் பட்டதை இளையவரும் படட்டும் என்று நினைப்பது ஒரு வழக்கம். தான் பட்டது இளையவர் படக்கூடாது என்று நினைப்பதும் ஒரு வழக்கம். எது நிலவுகிறது என்று பார்த்தால் அந்த விடுதியின் தரம் தெரிந்துவிடும்.

என் தங்கை இப்போது ஓசூரில் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியை. காலையில் ஹீலலிகே நிலையத்தில் அவள் ஓசூருக்கும் நான் பெங்களூருக்கும் வண்டி ஏறுகிறோம். ஆண்டுதோறும் பொங்கலுக்குத் தூத்துக்குடியிலிருந்து கருவாடும் மக்ரூனும் தவறாமல் வந்துவிடும். 2021இல் பெருந்தொற்றுக் காலத்தில் அம்மா எங்களை விட்டுப் பிரிந்தபோது உறவினர் பலரால் வர இயலவில்லை. அந்தப் பதின்மூன்று நாளும் இரவு தவறாமல் தங்கையோடு தொலைபேசியில் இருந்தவள் அந்த அக்காதான். இருவரும் பேசக்கூட மாட்டார்கள். இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருப்பார்கள். குடத்திலிருந்து எடுத்த ஒரு சீட்டு தந்த உறவு அது.

இதையெல்லாம் அன்று வந்த அன்பரிடம் சொன்னேன். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "என் வீட்டிலும் ஆள் வேண்டும்தான், தம்பி. சின்னவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவள் அம்மாவும் வேலைக்குப் போகிறாள்" என்று மெல்லச் சொன்னார். "அதை உங்கள் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள், ஐயா. சொல்லிவிட்டு அனுப்புங்கள். சின்னவன் மாலையில் எங்கள் வீட்டில் இருக்கட்டும்" என்றேன். உள்ளே இருந்த என் மனைவியும் அதையே சொன்னாள்.

ஒன்று கூறி முடிக்கிறேன். கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்காவது விடுதியில் ஓர் அக்கா கிடைக்கலாம். நம் ஊர்களிலிருந்து சந்தாபுராவுக்கு வந்து, நால்வர் ஐவராக ஓர் அறையில் தங்கித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் இளம்பெண்களுக்கு அக்கா யார்? கன்னடம் தெரியாமல் கடையிலும் மருத்துவமனையிலும் விழித்து நிற்கும் அவர்களுக்குச் சீட்டு எடுப்பவர் யார்? நம் சங்கத்து வீடுகளில் படித்த பெண்கள் பலர் இருக்கிறார்கள். வீட்டிற்கு ஒருத்தி, புதிதாக வந்தவளுக்கு ஒரு தமக்கையாக இருக்க முன்வந்தால் போதும். என் தங்கை தன் பெயரைக் கொடுத்துவிட்டாள். அடுத்த கூட்டத்தில் மற்றப் பெயர்களையும் எழுதிக்கொள்ளலாம்.

அன்பரின் மகள் வரும் திங்கட்கிழமை சென்னைக்குப் புறப்படுகிறாள். என் தங்கை விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் செல்கிறாள். நேற்றுச் சந்தாபுராக் கடைத்தெருவில் இருவரும் சென்று ஓர் இரும்பு வாளி வாங்கி வந்தார்கள்.